உள்மூடி

தம்பி, சித்த காலை மடக்கிக்குங்க. ஆங், ஆச்சு. நீங்க சன்னலோரத்துலயே இருங்க, எனக்கு இந்த ஓரந்தான் தோது. எதுவரைக்கும் போறீங்க? வெள்ளகோவிலா. அப்பச் சரி, நான் உங்களுக்கு முன்னால காங்கயத்துலயே எறங்கிக்குவனுங்க. ஒரு கல்யாணம். பொண்ணு எனக்கு மருமக மொறை. என்ற சம்சாரத்தோட தம்பி சென்னியப்பன், அவன் மக.

பத்திரிகையா? பத்திரிகை வரலீங்க. சொந்தம் ஒறம்பரைக்குள்ள எதுக்குங்க பத்திரிகை. சம்சாரம் முன்னாடியே அங்க போயிட்டா. அவ போயி ரெண்டு மூணு தீவாளி ஆச்சு. பரவால்லீங்க, கூடப்பொறந்தவன் ஊட்டுலதான இருக்கறா.

நீங்க என்ன பண்றீங்க? டிராயிங் வாத்தியாரா. நல்ல தொழிலுங்க. கைத்தொழில்.

நான் ஏறுனதுல இருந்து உங்க கண்ணு என்ற மணிக்கட்டுலதான் இருக்குது. பாருங்க, கூச்சப்படாதீங்க. வெள்ளை டயல், நீல முள்ளு. கீழ பொடி எழுத்துல ஆன்டிமேக்னடிக்னு போட்டிருக்குது பாருங்க. காந்தம் ஏறாத வாட்சுங்க. அந்தக் காலத்துச் சரக்கு. ஆனா இது டூப்ளிகேட்டு. ஒரிஜினலு சென்னியப்பன்கிட்ட இருக்குது. இன்னைக்கு அதை வாங்கத்தான் போறேன்.

வாங்கறதுன்னா சண்டை போட்டு இல்லீங்க. நான் கோவக்காரனே இல்லீங்க. கோயமுத்தூர் கணபதியில நாச்சிமுத்துன்னு கேட்டா ஆரும் சொல்லுவாங்க. மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. கருகிப்போன மோட்டாரைப் பிரிச்சு, புதுசா காயில் கட்டிக் குடுக்கறது. எனக்குக் கீழ வேலை செய்யறவங்க என்னை ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்லீங்க. அன்பா வெச்சுருந்தாத்தான அப்படி இருப்பாங்க.

இந்த வாட்ச் கிறுக்கு எப்படிப் புடிச்சுதுன்னு கேளுங்க. மொதல்ல நான் ஒரு மில்லுல கரண்டு வேலை பாத்தனுங்க. மோட்டாரும் டைனமோவும் ஓடற எடத்துல சாதா வாட்சைக் கட்டிட்டுப் போனா காந்தம் ஏறிரும். உள்ள இருக்கற தலைமுடி மாதிரி ஸ்பிரிங்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்பறம் முள்ளு கண்டபடி ஓடும், இல்லீன்னா படுத்துக்கும். எங்க ஃபோர்மேன் ஆரோக்கியசாமி வாட்சு மட்டும் அசையாதுங்க. டைனமோ மேலயே கையை வெச்சுக்கிட்டு மணி சொல்லுவாரு. அத்தனை காந்தத்துக்கு நடுவுல ஒண்ணு மட்டும் தம்பாட்டுக்கு ஓடுதே, அதைப் பாத்து மயங்கிட்டனுங்க.

அவரு செத்தப்ப எழவு ஊட்டுலயே அவரு மகன்கிட்டக் கேட்டேன். தர மாட்டேன்னான். அப்பன் ஞாபகமாம். கழுத்தைக் கொஞ்சம் புடிச்சேன். கொஞ்சந்தானுங்க. கதவு மூலைக்குள்ள வெச்சு அழுத்துனதுல அவன் கண்ணு செவந்து போச்சு, கழட்டிக் குடுத்துட்டான். அந்தத் தள்ளுமுள்ளுல தாழ்ப்பாள் பட்டு வாட்சு ஓரத்துல ஒரு கீறல் விழுந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு தம்பி. எவ்வளவு அருமையான பொருளு, அதுல போயிக் கீறல் விழ வெச்சுட்டானே பாவி.

அதுல இருந்துதான் சேக்க ஆரம்பிச்சது. உக்கடத்துல பழைய சாமான் கடைக, ரயில்வேயில ரிட்டயர் ஆனவங்க ஊடுக, ஒண்ணு விடறதில்லீங்க. பீரோ ரொம்பிப் போச்சு. உக்கடத்துல ஒருத்தன் சாதா வாட்சுக்கு ஆன்டிமேக்னடிக்னு புதுசா டயல் அடிச்சு என்ற தலையில கட்டிட்டான். நான் ஒண்ணும் சத்தம் போடலீங்க. அந்த வாட்சைத் தரையில வெச்சு செருப்புக்காலில நசுக்கினேன், பக்கத்துலயே அவன் காலு இருந்துச்சு, அதையும் நசுக்கினேன். கட்டைவெரல் நகம் திரும்ப மொளைச்சிருச்சுன்னு கேள்விப்பட்டனுங்க.

இதுல இருக்கற சூச்சுமத்தைச் சொல்றேன், கேளுங்க. சாதா வாட்சுக்குப் பின்னால ஒரு மூடிதான். இதுக்கு அதைத் தொறந்தா உள்ள இன்னொரு மூடி இருக்குமுங்க. மெத்து இரும்பு. காந்தம் வந்தா அந்த இரும்பு வாங்கிக்கும், மெசினுகிட்ட விடாது. அந்த உள்மூடி ஓரத்துல ஒரு சின்ன வெட்டு இருக்கும், கீ குடுக்கற தண்டு போறதுக்கு. உள்மூடியக் கழட்டிட்டா இதுவும் சாதா வாட்சுதான்.

ஆயுத பூசைக்கு மத்த பட்டறைல ஸ்பேனருக்கும் சுத்திக்கும் பொட்டு வெப்பாங்க. நான் வாட்சுகளுக்கும் வெப்பனுங்க. பின்மூடியக் கழட்டி, உள்மூடியக் கழட்டி, எண்ணெய் தொட்டுத் தொடைச்சு, வாழையிலையில வரிசையா பரப்பி, சந்தனம் குங்குமம் வெச்சு சூடம் காட்டறது. மறுநாள் நானே பூட்டுவேன். இன்னொருத்தன் கை படக்கூடாது. அந்த வருசம் நொம்பக் கூட்டம். பொரியும் சுண்டலும் வாங்க அக்கம்பக்கத்துப் பட்டறை ஆளுக எல்லாம் வந்துட்டாங்க. திருநீத்துத் தட்டத்தை ஆரோ எங்கயோ தூக்கி வெச்சுட்டாங்க. கைக்கு ஒரு சின்ன மூடி கெடைச்சுது. அதுல திருநீத்தைக் கொட்டி எல்லாருக்கும் பூசி விட்டேன். சென்னியப்பன் பக்கத்துல சூடத்தட்டத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னான். என்னத்தையோ சொல்ல வாயெடுத்தான். சாமி காரியத்துல என்னடா பேச்சுன்னு ஒரு மொறை மொறைச்சேன், அடங்கிட்டான். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்லை, மறுநாள் அரைக்கண்ணோடதான் எல்லாத்தையும் பூட்டுனேன்.

அவனைப் பத்திச் சொல்லோணுமே. அவன் வெரலு மாதிரி வெரலு கோயமுத்தூர்லயே கெடையாதுங்க. மசுரு மாதிரிக் கம்பியக் கண்ணை மூடிட்டே சுத்துவான், ஒரு சுத்து கூடாது, கொறையாது. அக்கா புருசன்னு எனக்கு நொம்ப மரியாதை குடுப்பான். நான் வெளியூர் போனா வாட்சுகளுக்குக் கீ குடுக்கோணுமில்லீங்களா, அதுக்குன்னு பீரோச் சாவி ஒண்ணு அவன்கிட்டயே குடுத்து வெச்சிருந்தேன். அவ்வளவு நம்புனேன். அதாந்தம்பி எனக்கு வயிறு எரியுது.

பூசை முடிஞ்சு தீவாளிக்கு முன்னால, பெங்களூர்ல இருந்து ஒரு பெரிய மனுசன் கார் போட்டுட்டு வந்தாரு. அவரும் வாட்சு சேக்கறவரு. என்ற பேரைக் கேள்விப்பட்டு வந்திருக்கறாரு. சும்மா காட்டுனா நல்லா இருக்குமுங்களா? லாரி மோட்டார்ல இருந்து எடுத்த ஒரு காந்தம் வெச்சிருக்கேன், சட்டியாட்டம் பெருசு. ஃபோர்மேன் வாட்சை எடுத்து அது மேல வெச்சேன். ஆரு வந்தாலும் அப்படித்தான் காட்டுவேன். அது தம்பாட்டுக்கு ஓடும், பாக்கறவங்க வாயப் பொளந்துட்டு நிப்பாங்க.

முள்ளு நின்னுருச்சுங்க.

அந்த ஆளு சிரிச்சான். நான் வேர்த்து நிக்கறேன், அவன் சிரிக்கறான். பின்மூடியத் தொறந்து பாத்துட்டு, என்னங்க இது, உள்மூடியே இல்லையே, ஆரோ உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க போலன்னான். காப்பி கொண்டாந்த ருக்குமணி அதைக் கேட்டுக்கிட்டே நிக்கறா. பொண்டாட்டி முன்னால, அசலூர்க்காரன் முன்னால. என்ற மானமே போச்சு தம்பி. அவன் காரை எடுத்த பொறவு யோசிச்சுப் பாத்தேன். பீரோச் சாவி இன்னொண்ணு ஆருகிட்ட இருக்குது? இப்படி மாத்தி வெக்கற வெரலு ஆருகிட்ட இருக்குது? இதோ பாருங்க, அந்தக் கீறல். தாழ்ப்பாள் பட்ட அதே கீறலு, அதே எடத்துல, அதே நீளத்துல போட்டு வெச்சிருக்கான். எப்பேர்ப்பட்ட கைவேலை பாருங்க. வேற எவனால முடியும்?

மறுநாள் மத்தியானம். பட்டறைப் பசங்க சாப்பிடப் போயிருந்தாங்க. காயில் பாதியில நிக்குதுன்னு சென்னியப்பன் மட்டும் உக்காந்து சுத்திட்டு இருந்தான். ஷட்டரை இழுத்து விட்டேன். என்னங்க மாமான்னு நிமுந்தான். வாட்சை முன்னால வெச்சு, ஒரிஜினல் எங்கடான்னேன். இதுதானுங்களே மாமாங்கறான். அறைஞ்சேன். மூக்குல ரத்தம் வந்துச்சு. திரும்பக் கேட்டேன், அதே பதிலு. பெல்ட்டைக் கழட்டி பக்கிள் இருக்கற பக்கமா வீசினேன். நெத்தி பொளந்துச்சு. கீழ விழுந்தவனை வயித்துல மிதிச்சேன். அவன் கையத் தூக்கவே இல்லீங்க. தப்புப் பண்ணாதவனா இருந்தா ஒரு அடி திருப்பி அடிச்சிருப்பானா இல்லீங்களா? நீங்களே சொல்லுங்க.

எனக்கு கோவம் வராதுங்க. ஆனா பொய் சொன்னா ஆவறதில்லை. அவனைத் தூக்கி நிறுத்தி, "எந்தக் கைடா மாத்துச்சு?"ன்னு கேட்டேன். அழுகறான். வலது கையப் புடிச்சு இழுத்து வைஸ்ல வெச்சேன். மேசையோட சேத்து முடுக்கியிருக்குமே, இரும்பைக் கவ்விப் புடிக்கறது, அதுல. திருகினேன். "மாமா, உள்மூடி எங்கயும் போகலீங்க மாமா, பூசையன்னைக்கு நீங்கதான்"னு ஆரம்பிச்சான். பூசையாம். சாமியச் சாக்கு சொல்லித் தப்பிச்சுக்கப் பாக்கறானேன்னு எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியலீங்க, முழு பலத்தையும் போட்டு இன்னும் ஒரு சுத்து சுத்திட்டேன். முருங்கைக் கொப்பு ஒடியற சத்தம் கேட்டுச்சு. அப்படியே மயங்கிச் சாஞ்சுட்டான்.

ருக்குமணி வெளிய நின்னு ஷட்டரை அடிச்சுக்கிட்டு இருந்தா. "மொதல்ல டிராயரைத் தொறந்து பாருங்க, சாமி மாடத்துல தேடிப் பாருங்க"ன்னு கத்தறா. தெருவே கூடிப் போச்சு. ஷட்டரைத் தூக்கி ஒண்ணே ஒண்ணு வெச்சேன். அன்னையில இருந்து அவளுக்கு இடது காது கேக்கறதில்லையாம். அவங்கம்மாவுக்கும் காது மந்தந்தானுங்க, பரம்பரைச் சீக்கு. இதையும் கொண்டாந்து என்ற தலையில கட்டறாங்க.

ஆஸ்பத்திரியில சென்னியப்பன் என்ன சொன்னான் தெரியுமுங்களா? மெசினுல கை மாட்டிக்கிச்சுன்னான். போலீசு கேட்டப்பவும் அதேதான். அக்கா வாழ்க்கை கெட்டுறக் கூடாதுன்னு சொன்னானாம், ஊர்ல பேசிக்கறாங்க. அக்காவும் இல்லை, ஒண்ணும் இல்லை. குத்தம் பண்ணாதவன் ஏனுங்க போலீசுகிட்டப் பொய் சொல்லோணும்? அப்பவே தெரியலீங்களா?

எலும்பு கூடுச்சு, ஆனா வெரலு மடங்கறதில்லை. காயில் சுத்த முடியாது. காங்கயத்துல ஒரு எண்ணெய் மில்லு வாசல்ல உக்காந்து இடது கையில டோக்கன் கிழிச்சுக் குடுக்கறானாம். நான் ஒரு தடவை போயி எதுத்தாப்ல இருக்கற டீக்கடையில நின்னு பாத்தேன். ஒவ்வொரு டோக்கனுக்கும் வலது கை தானா முன்னால வந்துட்டு, அப்பறம் பின்னால போகுது. எனக்கு பாவமாத்தானுங்க இருந்துச்சு. ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டிருந்தா நானே ஒரு கடை வெச்சுக் குடுத்திருப்பனே.

பட்டறையும் முன்ன மாதிரி இல்லீங்க. அவன் போன பொறவு கட்டற காயிலெல்லாம் திரும்பக் கருகி வருது. ஊட்டுல ருக்குமணியும் இல்லை. அத்தனை வாட்சும் ஒட்டுக்கா ஓடற சத்தம் மட்டுந்தான். சில நாள் பீரோவைத் தொறந்து வெச்சுக்கிட்டு அது முன்னாலயே சோத்தைப் போட்டுத் தின்பேன்.

இன்னைக்கு முகூர்த்தம். பொண்ணோட அப்பன் தாரை வாத்துக் குடுக்கோணுமில்லீங்களா. செம்பைப் புடிச்சுத் தண்ணி ஊத்தோணும். அவன் வலது கையில செம்பு நிக்காது. இடது கையில தாரை வாத்தா சபை ஒத்துக்காது. ஆராச்சும் அவன் கையைத் தாங்கிப் புடிச்சாத்தான் ஆகும். நான் போயி நிப்பேன். அக்கா புருசன் நானிருக்க வேற எவன் புடிக்கறது? எல்லாரும் பாத்துட்டு இருக்கறப்ப அவன் காதுல சொல்லுவேன், மாத்துனது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லு, கையப் புடிக்கறேன்னு. சொல்லித்தான ஆகோணும்? மக கழுத்துல தாலி ஏறோணுமே. சொல்லிட்டான்னா நான் மன்னிச்சுருவேன். ருக்குமணியக் கூட்டிட்டு ஊட்டுக்கு வந்துருவேன். அதுக்குத்தான் போறேன்.

வர வேண்டாம்னு ருக்குமணி போன்ல சொன்னா. அவளுக்குத்தான் ஒரு காது கேக்காதே, நான் சொன்னது பாதிதான் கேட்டிருக்கும்.

நம்பிக்கை இல்லீங்களா? மூஞ்சி அப்படி இருக்குது. இருங்க, தொறந்தே காட்டறேன். இந்தப் பேனாக்கத்தி முனைய இங்க குடுத்தா பின்மூடி வந்துரும். பாத்தீங்களா, மெசினு மூடாம அப்படியே தெரியுது. சுத்தியும் உள்மூடி உக்கார விளிம்பு வரைக்கும் செதுக்கி வெச்சிருக்கான் களவாணி, மூடி மட்டும் இல்லை. நல்லாக் கையில வாங்கிப் பாருங்க.

அதா, சிவன்மலை தெரியுது. முருகா. சித்த இருங்க, திருநீறு எடுக்கறேன். எப்பவும் இந்தச் சுருக்குப் பையிலதான் வெச்சிருக்கறது. இந்தாங்க, நீங்களும் பூசிக்குங்க. டப்பாவா? டப்பா இல்லீங்க, அந்தப் பூசையில கைக்குக் கெடைச்சுதுன்னு சொன்னனே, அந்த மூடிதான். சாமிகிட்ட இருந்த பொருளைத் தூக்கிப் போட மனசு வரலை, டிராயர்ல போட்டு வெச்சிருந்து அப்பறம் எடுத்துக்கிட்டேன். நல்ல கனமான இரும்பு.

ஏனுங்க, பூசிக்காம மூடியவே திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? ஆமாங்க, ஓரத்துல ஒரு வெட்டு இருக்குது. திருநீத்தைக் கீழ கொட்டாதீங்க தம்பி. அதைக் கொண்டு போயி எதுக்கு வாட்சு மேல வெக்கறீங்க?

உக்காந்துருச்சு.

வெட்டும் தண்டும் நேருக்கு நேரா நிக்குது. ஆடக்கூட இல்லை.

பேசாதீங்க. நீங்க எதுவும் பேச வேண்டாம். குடுங்க இங்க.

அப்படின்னா இதுதான் அந்த வாட்சா? அந்தக் கீறலும் அதே கீறலா?

அவன் பூசையன்னைக்கே சத்தமாச் சொல்லியிருக்கோணுமா இல்லீங்களா? ஒரு மொறை மொறைச்சா வாயை அடைச்சுக்கறதா? பக்கத்துலதான நின்னான். கண்ணால பாத்தான். மாமா, அது உள்மூடிங்கன்னு ஒரு வார்த்தை. வைஸ்ல கை மாட்டுன பொறவு சொல்றது என்ன கணக்கு? அப்பச் சொன்னா எவன் காதுல விழும்? அவன் சொல்லாததாலதான் இத்தனையும். அவன்தானுங்க. பாத்தும் பேசாம இருந்தான் பாருங்க, அவன்தான் குத்தவாளி.

கண்டக்டர் காங்கயம்னு கத்தறாரு. காது கேக்குதுங்க எனக்கு. நான் எறங்கலீங்க. அங்க இந்நேரம் கொட்டு மொழங்கிட்டு இருக்கும். செம்பை எப்படிப் புடிக்கறானோ புடிக்கட்டும். ஏங்க கண்டக்டர், எனக்கும் வெள்ளகோவிலுக்கு ஒரு டிக்கெட் குடுங்க. இந்தத் தம்பி கூடத்தான் எறங்கறேன்.

நீங்க எதுக்குங்க எந்திரிக்கறீங்க? உங்க ஊரு இன்னும் வரலையே. உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேனில்ல. கத்திய மடக்கிக்கறேன், பயப்படாதீங்க. இந்த மூடி விசயம் உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். அது ஆருக்கும் தெரியப்படாது, அவ்வளவுதான். நான் கோவக்காரன் இல்லீங்க தம்பி.

டிராயிங் வாத்தியாருன்னு சொன்னீங்கல்ல. எந்தக் கையிலீங்க வரைவீங்க?